பூல் கியூ ஷாஃப்ட் கடையப் புது மெஷின் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்கும் முன் இதையெல்லாம் சோதித்துப் பாருங்கள்

மெஷின் விற்க வருபவர் முதலில் நம் கையில் கொடுப்பது வழவழவென்று கடைந்த ஒரு ஷாஃப்ட், அதாவது பூல் ஆடும் கோலின் (கியூவின்) மெல்லிய முன்பாதி. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது எந்த மரம், எத்தனை ஓட்டத்தில் கடைந்தது, கடைந்த பிறகு யார் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது, அதோடு சேர்த்துக் கடைந்த மற்ற ஷாஃப்ட்கள் எங்கே போயின, எதுவும் நமக்குத் தெரியாது. நல்ல பிளேடும் நல்ல கட்டையும் அமைந்தால் சுமாரான மெஷினில்கூட ஒரு ஷாஃப்ட் அழகாக வந்துவிடும். நாம் கேட்க வேண்டியது வேறு. ஒரே கட்டையை இரண்டு மாதம் கழித்து அதே சென்டரில் (கட்டையின் முனையைக் குத்திப் பிடிக்கும் கூம்பில்) மாட்டினால் ஆட்டமில்லாமல் ஓடுகிறதா? முதல் ஷாஃப்டும் இருபதாவது ஷாஃப்டும் ஒரே அளவா? மெஷின் மரத்தை வளைத்துப் பிடிக்காமல், சூடேற்றாமல் கடைகிறதா? இந்த மூன்றையும் உங்கள் மரத்தைக் கொண்டுபோய், உங்கள் கையால் அளந்தால்தான் தெரியும்.

நான் சொல்வது அமெரிக்க பூல் கியூவின் மேப்பிள் ஷாஃப்ட் பற்றி. நம் ஊர் கிளப்களில் அதிகம் பார்ப்பது ஸ்னூக்கர் கியூ, அது பெரும்பாலும் ஆஷ் மரம், நுனி 9.5 அல்லது 10 மி.மீ. இருக்கும், அதைச் செய்யும் முறையும் வேறு. பூல் ஷாஃப்ட் சாதாரணமாக 29 அங்குலம், அதாவது சுமார் 737 மி.மீ. நீளம். நுனி 12.75 முதல் 13 மி.மீ., ஜாயிண்ட் (பின்பாதியோடு சேரும் முனை) பக்கம் சுமார் 21 மி.மீ. நுனியிலிருந்து முதல் பத்து, பன்னிரண்டு அங்குலம் கிட்டத்தட்ட ஒரே தடிமனாக ஓடி, அப்புறம் மெல்ல ஏறி ஜாயிண்டில் போய் முடியும். இதைத்தான் ப்ரோ டேப்பர் என்கிறார்கள், டேப்பர் என்றால் தடிமன் மாறும் சாய்வு. ஆட்டக்காரரின் விரல் வளையத்துக்குள் ஓடுவது அந்த முன்பகுதிதான் என்பதால், அங்கே 0.1 மி.மீ. மேடு இருந்தாலும் பழகிய கைக்கு உடனே தெரிந்துவிடும்.

முதலில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம்

மரத்தைப் புரிந்துகொள்ளாமல் மெஷினைச் சோதித்தால் மரத்தின் குற்றத்தை மெஷின் மேல் போடுவீர்கள், அல்லது மெஷினின் குற்றத்தை மரத்தின் மேல் போட்டு விற்பவரைத் தப்ப விடுவீர்கள். ஹார்ட் மேப்பிள் பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது வருட வளையத்தின் போக்கில் சுமார் 9.9 சதவீதம் சுருங்கும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 4.8 சதவீதம்தான். இரண்டு திசையிலும் சுருக்கம் ஒன்றாக இல்லாததால், இன்று துல்லியமாக வட்டமாகக் கடைந்த ஷாஃப்ட் மரத்தின் ஈரம் மாறியதும் லேசாக நீள்வட்டமாகிவிடும். ஈரம் 2 சதவீதம் மாறினாலே 13 மி.மீ. நுனியில் ஒரு திசைக்கும் அதற்குக் குறுக்குத் திசைக்கும் 0.05 மி.மீ. வரை வித்தியாசம் வரலாம். அறையில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் மரம் சுமார் 9 சதவீத ஈரத்தில் நிற்கும், 30 சதவீதத்துக்கு இறங்கினால் மரம் 6 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். அமெரிக்காவின் விஸ்கான்சின், மிச்சிகன் மாதிரி இடங்களில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் பட்டறைக்கும் கோடைக்காலப் பட்டறைக்கும் இந்த அளவு வித்தியாசம் சர்வசாதாரணம்.

இதனால்தான் எந்த நல்ல கியூ பட்டறையிலும் ஷாஃப்டை ஒரே மூச்சில் கடைவதில்லை. ஒரு அங்குலக் கட்டையில் தொடங்கி, கொஞ்சம் எடுத்து, சில வாரம் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மறுபடி கொஞ்சம் எடுத்து என்று ஐந்தாறு ஓட்டமாவது, சிலர் எட்டு ஓட்டம்கூட, மாதக்கணக்கில் இழுப்பார்கள். மேல் மரம் போகப் போக உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்ந்து கட்டை வளையும், அந்த வளைவை அடுத்த ஓட்டம் நேராக்கும். கடைசி ஓட்டத்தில் வளையாமல் நிற்பதுதான் ஷாஃப்ட். வளைந்ததெல்லாம் கழிவு, அதில் பேச்சே இல்லை.

அதனால் மெஷின் பார்க்கப் போகும்போது உங்கள் பட்டறையில் குறைந்தது இரண்டு வாரம் கிடந்த, ஒரே லாட்டில் வாங்கிய கட்டைகளைக் கொண்டுபோங்கள். நேராக ரேகை ஓடும் நல்ல கட்டை பத்து, ஏற்கனவே பாதி கடைந்து தொங்கவிட்ட ஷாஃப்ட் ஐந்து, ரேகை சாய்ந்தும் சர்க்கரைப் புள்ளிகளோடும் (மேப்பிளில் தெரியும் பழுப்புத் தீற்றல்கள்) இருக்கும் இரண்டாந்தரக் கட்டை மூன்று நான்கு. இந்தக் கடைசி ரகத்தைக் கண்டிப்பாக எடுத்துப் போங்கள், ஏனென்றால் பிளேடு மரத்தை வெட்டுகிறதா பிய்க்கிறதா என்று நல்ல கட்டையில் தெரியாது, ரேகை சாய்ந்து வெளியே வரும் இடத்தில்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு, எடையும் ஈரமும் குறித்துவிடுங்கள்.

எந்த ரக மெஷின் உங்களுக்கு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டேப்பர் பாரை (டேப்பரின் வடிவில் செய்த வழிகாட்டிப் பட்டையை) தொட்டுக்கொண்டு ரூட்டர் என்ற வெட்டும் கருவி ஓடும் சின்னக் கியூ லேத் (கடைசல் மெஷின்) ஒரு ரகம். காரேஜில் ஆரம்பிக்கும் பலரும் கியூஸ்மித், ப்ளட்வொர்த் மாதிரிக் கியூவுக்கென்றே செய்த லேத்தில்தான் கை பழகுகிறார்கள். டேப்பரை மாற்ற வேண்டுமென்றால் பாரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான், மற்றபடி எளிமையான, பல வருஷம் உழைக்கும் சாமான். அடுத்தது கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி டேப்பர் மெஷின். கட்டை மெதுவாகச் சுழலும், மேலே பல்லுள்ள வட்ட பிளேடோ ஸ்லாட் கட்டரோ வேகமாகச் சுழன்று வெட்டிக்கொண்டே நீளவாக்கில் நகரும், டேப்பர் என்பது புரோகிராமில் சில எண்கள். மூன்றாவது, ஒரே நேரத்தில் நான்கு, ஆறு என்று கடையும் பல ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மெஷின். மாதம் சில டஜன் ஷாஃப்ட் செய்யும் பட்டறைக்கு இந்த மூன்றாவது தேவையே இல்லை என்பது என் கருத்து. காரணம், ஒரு ஸ்பிண்டில் அளவு தவறினாலும் மொத்த மெஷினும் நிற்கும், எல்லா பிளேடையும் ஒரே அளவுக்குத் தீட்டி மாட்டுவதே தனி வேலை.

கட்டையை மாட்டும் முன் செய்ய வேண்டியவை

0.01 மி.மீ. காட்டும் டயல் இண்டிகேட்டர், காந்த ஸ்டாண்ட், ராட்செட் உள்ள மைக்ரோமீட்டர், நல்ல ரசமட்டம், ஒரு டார்ச் லைட். இவ்வளவு போதும். டிஜிட்டல் காலிப்பரை மட்டும் நம்பாதீர்கள், அழுத்தும் அழுத்தத்தில் மரம் நசுங்கும், ஒரே இடத்தை மூன்று பேர் அளந்தால் மூன்று எண் வரும்.

பெட் (மெஷினின் நீளமான அடித்தளம்) ரசமட்டத்தில் நிற்கிறதா என்று இரண்டு முனையிலும் குறுக்காக வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சரியாகவும் மறு முனையில் சாய்ந்தும் காட்டினால் பெட் முறுக்கி நிற்கிறது. கால் போல்ட்டைச் சரிசெய்தால் போகக்கூடியதுதான், ஆனால் அதைக்கூடச் செய்யாமல் டெமோ காட்டுகிறார் என்றால் அந்த ஆள் மற்றதையும் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசியுங்கள்.

அப்புறம் சென்டர். ஹெட்ஸ்டாக் (கட்டையைச் சுழற்றும் தலைப்பக்கம்) சென்டரின் கூம்பில் டயலை வைத்துக் கையால் சுற்றுங்கள். முள் 0.01 மி.மீ. சுற்றிலேயே இருந்தால் சந்தோஷம். 0.02-க்கு மேல் போனால் சென்டரைக் கழற்றித் துடைத்து மாட்டச் சொல்லி மறுபடி பாருங்கள். இதைவிட நம்பகமான ஒரு சோதனை உண்டு. ஒரு கட்டையை முழு நீளமும் கடையுங்கள். கழற்றி, ஹெட்ஸ்டாக் சென்டரை அசைக்காமல் கட்டையை மட்டும் அரைச் சுற்றுத் திருப்பி, அதே இரண்டு குழியில் மறுபடி மாட்டுங்கள். இப்போது ஹெட்ஸ்டாக் பக்கம் டயலை வைத்துச் சுற்றினால், சென்டரில் இருக்கும் ஆட்டம் இருமடங்காகக் காட்டும். கடையும்போது தெரியவே தெரியாத பிழை இது, ஏனென்றால் கோணலான சென்டரிலும் கட்டை வட்டமாகத்தான் கடையப்படும். கழற்றி மாட்டும்போதுதான் வெளியே வரும். ஷாஃப்டை நாம் ஆறேழு முறை கழற்றி மாட்டப் போகிறோம், ஒவ்வொரு முறையும் இந்தப் பிழை சேர்ந்தால் கடைசி ஓட்டத்தில் எடுக்க மரமே மிஞ்சாது.

டெயில்ஸ்டாக் (கட்டையின் மறு முனையைத் தாங்கி அழுத்தும் பகுதி) அழுத்தத்தையும் பாருங்கள். பாதி கடைந்த ஷாஃப்ட் ஒன்றை மாட்டி, நடுவில் டயலை வைத்துவிட்டு, டெயில்ஸ்டாக்கை மெல்ல இறுக்கிக்கொண்டே போங்கள். ஒரு கட்டத்தில் முள் நகர ஆரம்பிக்கும், அதுதான் கட்டை வில்லாக வளையும் இடம். வளைத்துப் பிடித்துக் கடைந்தால், விடுவித்ததும் அது எதிர்ப்பக்கம் வளைந்து நிற்கும், நீங்கள் மரம் சரியில்லை என்று நினைத்துத் தூக்கிப் போடுவீர்கள். அழுத்தத்தை ஒரே அளவில் வைக்க ஸ்பிரிங்கோ, காற்றழுத்த ரெகுலேட்டரோ, குறைந்தபட்சம் சக்கரத்தில் அளவுக் கோடோ இருக்கிற மெஷினாகப் பாருங்கள். கை அழுத்தத்தை மட்டும் நம்பும் மெஷினில் காலையில் ஒரு ஷாஃப்டும் மாலையில் வேறொரு ஷாஃப்டும்தான் வரும்.

கடைந்து பார்க்கும் சோதனை

முதலில் டேப்பரே இல்லாமல் நேர் உருளையாகக் கடையச் சொல்லுங்கள், தடித்த கட்டையில். இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். ஒரு முனை தடிமனாக இருந்தால் டெயில்ஸ்டாக் ஓரமாக விலகி நிற்கிறது, விட்ட வித்தியாசத்தில் பாதிதான் அந்த விலகல். நடு தடித்தோ மெலிந்தோ இருந்தால் பிளேடைச் சுமந்து நகரும் கேரேஜ் ஓடும் பாதையே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதே சோதனையை 14 மி.மீ. மாதிரி மெல்லிய கட்டையிலும் செய்யுங்கள். தடித்த கட்டை சரியாக வந்து மெல்லியதில் மட்டும் நடு உப்பினால் மெஷின் பாதையில் குறையில்லை, பிளேடு தள்ளும்போது மரம் விலகுகிறது. இரண்டிலும் உப்பினால் பெட்தான் காரணம், விட்டுவிட்டு வேறு மெஷின் பாருங்கள்.

மரம் ஏன் இவ்வளவு விலகுகிறது என்றால், ஒரு உருளையின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கோடு ஏறி இறங்கும். 21 மி.மீ. இருக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் 13 மி.மீ. இடத்தில் விறைப்பு ஏழில் ஒரு பங்குதான். அதனால் ஜாயிண்ட் பக்கம் சுத்தமாக வெட்டும் பிளேடு, முன்பகுதியின் நடுவில் வந்ததும் கீச்சிட ஆரம்பிக்கும். இதை அளக்க ஒரு எளிய வழி: கடைசி ஓட்டம் முடிந்ததும் ஆழத்தைக் கொஞ்சமும் கூட்டாமல் அதே புரோகிராமை இன்னொரு முறை ஓடவிடுங்கள். ஒன்றுமே வெட்டக்கூடாது. மரத்தூள் பறந்தால், முதல் ஓட்டத்தில் கட்டை அவ்வளவு விலகியிருக்கிறது. எங்கெங்கே தூள் வருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் மைக்ரோமீட்டரில் அளந்தால் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். 0.03 மி.மீ. போனால் நான் கவலைப்பட மாட்டேன். 0.1 மி.மீ. போனால் பிளேடு மழுங்கியிருக்கிறதா, வெட்டு ஆழம் அதிகமா, நடுவில் தாங்கும் ஸ்டெடி வேண்டுமா என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஸ்டெடி இருந்தால் அதன் உருளைகள் மரத்தில் தடம் பதிக்கிறதா என்றும் கவனியுங்கள், மேப்பிள் வெள்ளை மரம், நசுங்கிய தடம் கறை மாதிரி நிற்கும்.

சிஎன்சி என்றால் இன்னொரு சோதனை கட்டாயம். டேப்பர் கடையும்போது ஆழ அச்சு ஒரே திசையில்தான் நகர்ந்துகொண்டே போகும், அதனால் ஸ்க்ரூவில் எவ்வளவு பிளே (தளர்ச்சி) இருந்தாலும் வெளியே தெரியாது. ஒரு ஷாஃப்டை நுனியிலிருந்து ஜாயிண்டுக்கும், அடுத்ததை ஜாயிண்டிலிருந்து நுனிக்கும் கடையச் சொல்லுங்கள். புரோகிராம் ஒன்றுதான், அளவும் ஒன்றாக வர வேண்டும். இரண்டாவது எல்லா இடத்திலும் ஒரே அளவு தடித்தோ மெலிந்தோ இருந்தால் அந்த வித்தியாசத்தில் பாதிதான் பேக்லாஷ், அதாவது திசை மாறும்போது தெரியும் அந்தத் தளர்ச்சி. கன்ட்ரோலரில் எண் போட்டு ஈடுகட்டலாம் என்று சொல்வார்கள். ஈடுகட்டிய பிறகு அதே சோதனையைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

இதற்குப் பிறகுதான் உங்கள் பத்துக் கட்டைகள். நுனியிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் குறுக்காக இரண்டு திசையில் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் முடிவைச் சொல்வது அந்தத் தாள்தான். ஒரே கோட்டில் பத்து ஷாஃப்டுக்கும் இடையில் வித்தியாசம் 0.05 மி.மீ.-க்குள் இருந்தால் அது நல்ல மெஷின். 0.1-ஐத் தாண்டினால் எப்படித் தாண்டுகிறது என்று பாருங்கள். ஒன்றிலிருந்து பத்துவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே போனால் பிளேடு மழுங்குகிறது, அல்லது மெஷின் சூடேறி அளவு நகர்கிறது. திடீரென்று ஏழாவதிலிருந்து எல்லாமே ஒரே அளவு மாறி நின்றால் மோட்டார் ஸ்டெப் தவறியிருக்கிறது (கன்ட்ரோலர் சொன்ன அளவு நகரவில்லை), இது மோசமான அறிகுறி. முறையே இல்லாமல் ஏறி இறங்கினால் எங்கேயோ ஒரு போல்ட்டோ பேரிங்கோ தளர்வாக இருக்கிறது. கடைசி ஷாஃப்ட் முடிந்ததும் மெஷினை ஹோமுக்கு (தொடக்க நிலைக்கு) அனுப்பி, ஆரம்பத்தில் வைத்த டயலில் அதே எண் வருகிறதா என்று சரிபாருங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஒரு ஷாஃப்டுக்கு மூன்று நிமிடம் என்று விளம்பரத்தில் இருக்கும். 737 மி.மீ. நீளத்தை நிமிடத்துக்கு 250 மி.மீ. ஃபீடில் (பிளேடு நீளவாக்கில் நகரும் வேகத்தில்) போனால் மூன்று நிமிடம் சரிதான். கட்டை நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிளேடு 2.5 மி.மீ. நகரும். ஆனால் டெமோவில் ஃபீடைப் பாதியாகக் குறைத்து ஓட்டி, 1.25 மி.மீ. நகர்வில் வரும் வழவழப்பைக் காட்டுவார்கள். எந்த வேகத்தை விலையில் சேர்த்துச் சொல்கிறாரோ அதே வேகத்தில் கடையச் சொல்லி, கடைந்த மரத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். ஏழு ஓட்டம், ஓட்டத்துக்கு மூன்று நிமிடம், மாட்டிக் கழற்ற ஒரு நிமிடம் என்று வைத்தால் ஒரு ஷாஃப்டுக்கு மொத்தம் 28 நிமிடம் மெஷின் பிடிக்கும். உங்கள் கணக்கை இந்த எண்ணில் போடுங்கள்.

கடைந்த மேற்பரப்பைப் படிப்பது

கடைந்த ஷாஃப்டை விளக்குக்கு நேராகப் பிடிக்காமல், டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து மெல்ல உருட்டிப் பாருங்கள். சீரான இடைவெளியில் சுருளாக ஓடும் கோடுகள் ஃபீட் தடம், அது இருக்கத்தான் செய்யும். சாய்ந்த பட்டைகளாக, ஒரு இடத்தில் அடர்ந்தும் இன்னொரு இடத்தில் மறைந்தும் தெரிவது அதிர்வு. அதிர்வுத் தடம் உப்புத்தாளில் லேசில் போகாது, போக்குகிறேன் என்று தேய்த்தால் டேப்பர் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்க, முன்பகுதி முழுக்கப் பென்சிலால் தாராளமாகக் கிறுக்குங்கள். 320 நம்பர் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, ஷாஃப்டை மெல்லச் சுழலவிட்டு லேசாக ஒரு இழுப்பு. மேடான இடத்தில் பென்சில் அழிந்துவிடும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். மெல்லிய கறுப்பு வளையங்கள் சீராக நின்றால் நல்லது, இன்னும் இரண்டு இழுப்பில் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் நீளமான கறுப்புத் திட்டு நின்றால் கட்டை கடையும்போது வளைந்திருந்தது. கிறுக்கியது எல்லாம் போக நீங்கள் எத்தனை இழுப்பு இழுக்க வேண்டியிருக்கிறது என்பதை எண்ணுங்கள், நாளைக்கு ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் உங்கள் கை செய்யப்போகும் வேலை அதுதான்.

அப்புறம் அந்த இரண்டாந்தரக் கட்டைகள். சர்க்கரைப் புள்ளி இருக்கும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டினால், சிம்பு எழும்பி நின்றால் பிளேடு பிய்க்கிறது. விற்பவர் புது பிளேடு மாட்டித்தான் டெமோ காட்டுவார், அதனால் ஒரு நாள் முழுக்க ஓடிய பிளேடிலும் ஒன்றைக் கடையச் சொல்லுங்கள். பிளேடு எங்கே கிடைக்கும், உள்ளூர் ரம்பம் தீட்டும் கடையில் தீட்ட முடியுமா, அவர்களிடம் மட்டும்தான் வாங்க வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மரத்தை ஆறப்போட்டு மறுபடி அளப்பது

பெரும்பாலோர் விட்டுவிடும் சோதனை இதுதான், எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானதும் இதுதான். கடைந்த ஷாஃப்ட்களை வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். கூடவே அதே லாட்டில் உங்கள் பழைய மெஷினில் அதே அளவுக்குக் கடைந்தவற்றையும் தொங்கவிடுங்கள், ஒப்பிட வேண்டும் இல்லையா. அப்புறம் சென்டரில் மாட்டி நடுவில் டயல் வைத்துப் பாருங்கள். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளைந்திருந்தால் அது மரத்தின் குணம். புது மெஷினில் கடைந்தவை மட்டும் அதிகம் வளைந்திருந்தால், அதுவும் எல்லாம் ஒரே அளவு வளைந்திருந்தால், டெயில்ஸ்டாக் இறுக்கமோ ஒரே ஓட்டத்தில் அதிகம் எடுப்பதோ காரணம். சூட்டையும் மறக்காதீர்கள், மழுங்கிய பிளேடு உரசிய மரத்தின் மேல்தோல் காய்ந்து ஒரு பக்கம் இழுக்கும். கடைந்த உடனே கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் குறித்துவையுங்கள்.

பிறகு இந்த ஷாஃப்ட்களோடு விற்பவரிடம் திரும்பப் போய் அடுத்த ஓட்டத்தைக் கடையுங்கள். நீங்கள் இரண்டாவது முறை வருவதற்கு அவர் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

ஜாயிண்ட், ஃபெரூல், கன்ட்ரோலர், தூசி

ஒரே மெஷினில் ஜாயிண்ட் துளையும் ஃபெரூல் டெனனும் (நுனியில் ஃபெரூல் என்ற பூண் மாட்ட மெலிதாக்கும் முனை) செய்யலாம் என்று சொன்னால் ஸ்பிண்டில் துளையின் அளவைக் கேளுங்கள். ஷாஃப்ட் முழுக்க உள்ளே போக ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் வேண்டும், பட் (கியூவின் தடித்த பின்பாதி) வேலையும் என்றால் இன்னும் பெரிதாக. ஹெட்ஸ்டாக்கின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துக்குத் தாங்கி இருக்கிறதா என்று பாருங்கள். வேகமாகச் சுற்றும்போது அந்த வால் சாட்டையாகச் சுழற்றி அடிக்கும், ஆளையே காயப்படுத்தும். ஜாயிண்ட் துளையைப் பொறுத்தவரை ட்ரில் பிட் ரேகையின் போக்கில் விலகி ஓடும் சாமான், அதனால் சின்னதாகத் துளைத்துவிட்டு போரிங் பாரில் அளவுக்குக் கொண்டுவந்து பிறகு மரை போட வசதி வேண்டும், அது 3/8-10 ஆனாலும் 5/16-14 ஆனாலும் சரி (முதல் எண் அங்குலத்தில் விட்டம், அடுத்தது அங்குலத்துக்கு எத்தனை மரை).

கன்ட்ரோலர் விஷயத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த கம்ப்யூட்டர் செத்தால் நாளைக்கு நான் என்ன செய்வேன்? மேக்3 மாதிரி மென்பொருளை பேரலல் போர்ட் வழியாக ஓட்டும் மெஷின்கள் இன்னும் விற்கப்படுகின்றன. அந்த போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது, பழைய கம்ப்யூட்டரைத் தேடி அலைய வேண்டும். டேப்பர் புள்ளிகளை நீங்களே மாற்ற முடிகிறதா, ஜி-கோடு (மெஷினுக்கான கட்டளைகள்) ஃபைலை வெளியே எடுத்து வைத்துக்கொள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். உங்கள் டேப்பர் உங்கள் சொத்து, அது அடுத்தவர் கன்ட்ரோலருக்குள் பூட்டிக் கிடக்கக்கூடாது.

ஆசியாவிலிருந்து இறக்குமதியான மெஷின் என்றால் மோட்டார் தகட்டைப் படியுங்கள். 380 வோல்ட், மூன்று பேஸ், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பட்டறைக்கு வருவது ஒற்றை பேஸ் 240 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஒற்றை பேஸை நேரடியாகக் கொடுத்தால் மூன்று பேஸ் மோட்டார் கிளம்பாது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் இல்லாமல் மூன்று பேஸாக மட்டும் மாற்றி 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் மோட்டார் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும். மாற்றும் செலவு யாருடையது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

தூசியை அலட்சியம் செய்யாதீர்கள். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் சேர்த்துவிட்டது. பிளேடைச் சுற்றி மூடி இருக்கிறதா, உறிஞ்சும் குழாய் வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே கூடவே நகர்கிறதா, பத்து ஷாஃப்ட் முடிந்ததும் ஸ்க்ரூவின் மேல் எவ்வளவு தூள் படிந்திருக்கிறது என்று பாருங்கள். கார்பன் ஃபைபர் ஷாஃப்டையும் இதே மெஷினில் வெட்டலாம் என்று சொன்னால் நான் வேண்டாம் என்பேன், அந்தத் தூள் மின்சாரத்தைக் கடத்தும், கன்ட்ரோலர் பெட்டிக்குள் புகுந்தால் போர்டு போய்விடும். எமர்ஜென்சி பட்டனை ஓடும்போதே அழுத்திப் பாருங்கள், ஃபீட், பிளேடு, கட்டை மூன்றும் நிற்க வேண்டும்.

பணம் கொடுப்பது

எல்லாம் சரியாக வந்தாலும் முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்துவிடாதீர்கள். லாரியில் ஏற்றி இறக்கியதும் பெட் மறுபடி முறுக்கி நிற்கும், டெயில்ஸ்டாக் நகர்ந்திருக்கும். உங்கள் பட்டறையில் நிறுத்தி, ரசமட்டம் பார்த்து, அதே பத்து ஷாஃப்ட் சோதனையில் அதே வித்தியாசத்துக்குள் வந்தால் மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். எழுதும்போது "நல்ல தரம்", "துல்லியம்" என்ற வார்த்தைகள் வேண்டாம், எந்தக் கோட்டில் எத்தனை மி.மீ.-க்குள் என்று எண்ணாகவே போடுங்கள்.

மெஷின் நின்ற முதல் வாரத்திலேயே, மரத்துக்குப் பதிலாக ஒரு தடித்த அலுமினியக் குழாயைச் சென்டரில் மாட்டி, டூல் போஸ்டில் (வெட்டும் கருவியைப் பிடிக்கும் இடத்தில்) டயலை வைத்து முழு நீளமும் ஓடவிட்டு வரும் எண்களை எழுதி மெஷின் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அலுமினியம் ஈரத்துக்கு அசையாது. ஆறு மாதம் கழித்து ஷாஃப்ட்கள் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் அதே குழாயை மாட்டுங்கள். எண்கள் மாறியிருந்தால் கால் போல்ட்டிலிருந்து தொடங்குங்கள், மாறாமல் இருந்தால் பட்டறையின் ஈரப்பதத்தையும் கடைசியாக வந்த மர லாட்டையும் பாருங்கள்.